கார் விளம்பரத்தில் சாத்தானுக்கு என்ன வேலை?

பாளை ஜெஸி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பையனின் நோட்டு அட்டையில் ஒரு ஸ்டிக்கர் பார்த்தேன். கொம்பு வைத்த முகம், பார்த்ததுமே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது என்னடா தம்பி, வேதப்பாட நோட்டில் இதை ஒட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டால், "அக்கா, இது காரு! டாட்ஜ் டீமன்!" (டீமன் என்றால் பேய், ஒரு அமெரிக்கக் காரின் பெயராம்) என்று ஆரம்பித்து எத்தனை குதிரைசக்தி, எத்தனை நொடியில் எவ்வளவு வேகம் என்று மூச்சு விடாமல் சொல்கிறான். நல்ல பையன். சங்கீதம் மனப்பாடமாகச் சொல்வதில் அவன்தான் வகுப்பிலேயே முதல்.

திட்டவும் மனசு வரவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து இந்த மாதிரி விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். மெர்சிடிஸ் விளம்பரம் ஒன்றில் சாத்தானே நேரில் வந்து உட்கார்ந்து ஒரு இளைஞனிடம் பேரம் பேசுகிறான். ஜாகுவாரில் மூன்று வில்லன்கள். ஆடி கார் விளம்பரத்தில் ரத்தக் காட்டேரிகள். சோப்பு விற்பவர்களும் பிஸ்கட் விற்பவர்களும் தேவதை மாதிரி ஒரு குழந்தையைக் காட்டுகிறார்கள், காருக்கு மட்டும் ஏன் இப்படி? குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிதானே அது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலுமினாட்டி, ரகசியச் சின்னம், 666 என்று யூடியூபில் ஓடுகிற கதைகளை தயவுசெய்து இங்கே கொண்டு வராதீர்கள். அதையெல்லாம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. விளம்பரத் துறையிலோ கார் துறையிலோ இருப்பவர்கள் உண்மையான காரணம் என்ன என்று சொன்னால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், தெரியாமல் எதையாவது சொல்லி அவன் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை.


காப்பி குமரன்:

ஜெஸி, நல்ல கேள்வி. நான் சென்னையில் பத்து வருஷத்துக்கு மேல் விளம்பரக் கம்பெனிகளில் காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதியவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மெர்சிடிஸ் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2013 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் வந்தது. அந்த மேட்சை அமெரிக்காவில் 10 கோடிப் பேருக்கு மேல் பார்ப்பார்கள், 30 நொடி விளம்பரத்துக்கு அந்த வருஷம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அவ்வளவு பணம் கொட்டும் இடத்தில் யாரும் ஏதோ தோன்றியது என்று சாத்தானைக் கொண்டுவந்து உட்கார வைப்பதில்லை. (அந்த மேட்ச் நடுவே 34 நிமிடம் மைதானத்தில் விளக்கு அணைந்தது, மைதானத்தின் பெயரிலேயே மெர்சிடிஸ் இருந்தது, அதனால் சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். மின்சார ரிலே கோளாறு, அவ்வளவுதான்.)

விளம்பரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹாலிவுட் நடிகர் வில்லம் டஃபோ சாத்தானாக வருகிறார், நீண்ட நகங்களோடு. ஒரு கையெழுத்துப் போடு, இந்தக் கார் உனக்கு, அதோடு வருகிற எல்லாமும் உனக்கு என்கிறார். பையன் கனவு காண்கிறான். சிவப்புக் கம்பளத்தில் மாடலும் நடிகையுமான கேட் அப்டன் பக்கத்தில் நிற்கிறான், பாடகர் அஷரோடு ஆடுகிறான், பந்தயத் தடத்தில் ஓட்டுகிறான். பின்னணியில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டு, அதுவும் சாத்தானே தன்னைப் பற்றிப் பாடுவது போன்ற பாட்டு. கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய ஹோர்டிங்கில் விலை தெரிகிறது: 29,900 டாலரில் ஆரம்பம். பையன் பேனாவை வைத்துவிடுகிறான். சாத்தான் எரிச்சலோடு புகையாக மறைகிறான்.

சி.எல்.ஏ. என்ற அந்தக் காரின் ஒரே செய்தி விலைதான். மெர்சிடிஸ் என்றால் தாத்தா வயதுப் பணக்காரர்களின் வண்டி என்ற எண்ணம் அமெரிக்க இளைஞர்களிடம் இருந்தது. முப்பது வயதுக்காரன் ஷோரூம் வாசலைக்கூட மிதிக்க மாட்டான், நமக்கு எட்டாது என்று. அவனிடம் "விலை குறைவு" என்று நேராகச் சொன்னால் பிராண்டின் மதிப்பே போய்விடும். அப்போது என்ன செய்வது? இதை வாங்க ஆன்மாவையே விற்கவேண்டி இருக்கும் என்று நீ நினைத்தாய் இல்லையா, வேண்டாம், உன் சம்பளமே போதும் என்று சொல்கிறார்கள். மலிவு என்ற வார்த்தையே இல்லாமல் மலிவைச் சொல்லியாகிவிட்டது. அதற்குத்தான் சாத்தான் வேண்டியிருந்தது.

அந்தக் கதையும் புதிதல்ல. ஃபாஸ்ட் என்ற படிப்பாளி பிசாசிடம் ஆன்மாவை எழுதிக்கொடுத்த கதை ஜெர்மனியில் 1587லேயே பிராங்பர்ட்டில் அச்சாகிவிட்டது. ஜெர்மன் கார் கம்பெனி தன் ஊர்க் கதையையே எடுத்து முடிவை மட்டும் மாற்றிக்கொண்டது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. எண்பதுகளில் டிவி பார்த்தவர்களுக்கு ஓனிடா டிவி விளம்பரத்தில் வந்த சாத்தானை மறக்க முடியாது. பச்சை உடம்பு, கொம்பு, வால். அண்டை வீட்டாரின் பொறாமை, உரிமையாளரின் பெருமை என்பது அதன் வாசகம். அங்கே சாத்தான் என்பது டிவி அல்ல, டிவியைப் பார்த்துப் புழுங்குகிற பக்கத்து வீட்டு மனசு. காரும் அந்தக் காலத்து டிவியும் ஒரே ஜாதிச் சரக்கு. தேவைக்கு மேலே, பிறர் கண் பட வேண்டும் என்றே வாங்குவது. அந்த ஆசையை வாங்குகிறவன் வாயால் சொல்ல வைக்க முடியாது, கூச்சப்படுவான். அதைச் சொல்ல ஒரு கொம்பு வைத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். சோப்புக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அதனால்தான் அங்கே குழந்தை.


லாரி வீட்டுப் பிள்ளை, நாமக்கல்:

ஜெஸி அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அந்த ஸ்டிக்கர் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் லாரிக்குப் பாடி கட்டி முடித்த அன்றைக்கே முன்னால் ஒரு பூத முகத்தை மாட்டிவிடுவார்கள். கோரைப்பல், முழித்த கண், தொங்குகிற நாக்கு. அப்பாவின் முதல் வண்டியில் மாட்டியிருந்த முகத்தைப் பார்த்துச் சின்ன வயதில் நான் அழுதிருக்கிறேனாம். எங்களுக்கு அது பிசாசு இல்லை, காவல். கண்ணேறு வண்டியில் படாமல் அந்த முகத்தில் பட்டுப் போகட்டும் என்று. புது வீடு கட்டும்போதும் அதேதான், சாரத்தில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும்.

ஆனால் குமரன் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று உறைத்தது. நாங்கள் மாட்டுகிற முகம் பார்க்கிறவனை விரட்டுவதற்கு. என் வண்டி மேல் ஆசைப்படாதே, பார்த்தது போதும், போ என்று சொல்வதற்கு. விளம்பரத்தில் வருகிறவன் நேர் எதிர், வா வந்து ஆசைப்படு என்கிறான். முகம் ஒன்றுதான், வேலை வேறு. டிரைவர்கள் அந்த முகத்தை மாட்டுவது, ராத்திரி முழுக்கத் தனியாக ஓட்டிப் போகிறவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்ற பயத்தில். டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவது, பின்னால் ஒற்றைச் செருப்பைக் கட்டுவது எல்லாம் அந்தப் பயம்தான். அந்தப் பயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது, சாலையின் மேல் இருக்கிற மரியாதை. டீமன் ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு அந்தப் பயம் இருக்கிறதா என்று தெரியவில்லை.


அருண் கு.:

பேய் வருகிற கார் விளம்பரம் என்றால் என் தலைமுறைக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். பிரவுசிங் சென்டர் காலம். ஒரு மெயில் வரும்: இது பிரிட்டனில் எடுத்த கார் விளம்பரம், எடிட் செய்யும்போது கார் பக்கத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஏதோ நகர்வதைப் பார்த்தார்கள், அதனால் டிவியில் போடவே இல்லை, சத்தத்தைக் கூட்டிவைத்து உற்றுப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். பச்சை மலை, வளைந்து போகிற சாலை, மெல்லிய இசை, ஒரு கார் அமைதியாகப் போகும். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பிணமுகம் அலறிக்கொண்டு எழும்பும். என் பக்கத்து சீட்டில் இருந்த அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார், நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அது கார் விளம்பரமே இல்லை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கே-ஃபீ என்ற ஜெர்மன் காபி பானத்தின் 2004ஆம் வருஷத்து விளம்பரம். இவ்வளவு விழிப்பாக நீ இருந்ததே இல்லை என்பது அதன் வாசகம். மெயிலில் வந்த பேய்க் கதை யாரோ ஒட்டியது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கார் விளம்பரம் எப்படி இருக்கும் என்று நமக்கு எவ்வளவு பழகிவிட்டது பாருங்கள். மலை, வளைவு, இசை, பளபளப்பு. நூறு கம்பெனியும் அதையேதான் எடுக்கிறார்கள். அந்த வழவழப்பை நம்பி அசந்திருக்கும்போது அடித்தார்கள், அதனால்தான் அப்படித் தூக்கிப் போட்டது. கார்க்காரர்களே சாத்தானையும் காட்டேரியையும் கூப்பிடுவதற்கு அந்தச் சலிப்பும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெஸி சொன்ன ஆடி விளம்பரம் 2012இல் வந்தது. காட்டில் காட்டேரிகளின் விருந்து, கூட்டாளி ஒருவன் ரத்தப் பைகளோடு காரில் வருகிறான், ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் எல்லாரும் பொசுங்கிப் போகிறார்கள். எஸ்7 காரின் எல்.இ.டி. விளக்கு பகல் வெளிச்சம் மாதிரி இருக்கும் என்பதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. அதில் இருட்டு ஜெயிக்கவில்லை, வெளிச்சம்தான் ஜெயிக்கிறது.


பிராம்டன் வாசி:

ஜெஸி தங்கச்சி, அந்த டீமன் கார் எங்கட ஊரில் செய்ததுதான். கனடாவில் பிராம்டன் நகரத்துத் தொழிற்சாலை. இங்கே தமிழ் ஆட்கள் கனக்க இருக்கிறோம், அந்தத் தொழிற்சாலையை நம்பிச் சீவித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

முதலாவது டீமன் 1971இல் வந்தது. டார்ட் என்ற சாதாரண வாகனத்தை அடிப்படையாக வைத்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விட்டார்கள். அதன் சின்னம் சூலம் பிடித்த ஒரு குட்டிச் சாத்தான், கேலிச்சித்திரம் மாதிரி. அதற்கே தேவாலயப் பக்கமிருந்து எதிர்ப்பு வந்தது என்று சொல்வார்கள். 1973இல் அதே வாகனம் டார்ட் ஸ்போர்ட் என்று பெயர் மாறி வந்தது, குட்டிச் சாத்தான் காணாமல் போனான். ஆக நீங்கள் இண்டைக்குக் கேட்கிற கேள்வியை அந்தக் காலத்து அமெரிக்கர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு 2017 ஏப்ரலில் நியூயோர்க் காட்சியில் புது டீமனை இறக்கினார்கள். 840 குதிரைசக்தி, பந்தய எரிபொருள் ஊற்றினால். 60 மைல் வேகத்துக்கு 2.3 செக்கன். மொத்தம் 3,300 தான் செய்தார்கள். சாரதிக்குப் பக்கத்து இருக்கையும் பின் இருக்கையும் இல்லாமலே வரும், வேண்டுமென்றால் தலா 1 டொலர் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இதை யோசித்துப் பாருங்கள். வாகனம் என்றால் ஆட்களை ஏற்றத்தான், இது ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு வேலைக்கு. கால் மைல் நேர்கோட்டில் 9.65 செக்கன். பந்தயக் கட்டுப்பாட்டு அமைப்பே, பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் இதை எங்கள் தடத்தில் ஓடவிட மாட்டோம் என்று கடிதம் கொடுத்தது. கொம்பனி அந்தத் தடையையே விளம்பரமாக்கிக்கொண்டது. கார் வியாபாரத்துக்காகவே நடக்கிற ஆட்டோமோட்டிவ் நியூஸ் பத்திரிகைகூட, இது பொதுச் சாலைக்கு ஆபத்து என்று ஆசிரியர் தலையங்கம் எழுதியது.

2023இல் கடைசி டீமன், 1,025 குதிரைசக்தி. அந்த டிசம்பரோடு அந்த வாகன வரிசையே முடிந்தது. கடைசி வாகனம் இங்கேயிருந்து வெளியே போனபோது அழுத தொழிலாளர்கள் சாத்தானை நேசித்தவர்கள் இல்லை தங்கச்சி, மாதச் சம்பளத்தை நேசித்தவர்கள். என்னுடைய அபிப்பிராயம், அந்தக் கொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த 2.3 செக்கனைப் பார்த்துப் பயப்படலாம்.


பாளை ஜெஸி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பிராம்டன் அண்ணா, இரண்டு சீட்டைக் கழற்றிவிட்டு விற்ற விவரத்தை அந்தப் பையனிடம் கட்டாயம் சொல்வேன். அவன் வீட்டில் அவனோடு சேர்த்து ஐந்து பேர்.

குமரன் அண்ணா, மெர்சிடிஸ் விளம்பரத்தில் சாத்தான் தோற்றுப் போகிறான் என்பது எனக்கும் முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. நேற்று திரும்பவும் பார்த்தேன், அப்போது வேறு ஒன்று கண்ணில் பட்டது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பிசாசு இயேசுவை மிகவும் உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய் உலகத்தின் சகல ராஜ்யங்களையும் அவைகளின் மகிமையையும் காட்டி, என்னைப் பணிந்துகொண்டால் இதெல்லாம் உனக்கு என்கிறான். இந்த விளம்பரமும் அப்படியே இருக்கிறது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பிசாசு மகிமையைக் காட்டுகிறான், அவன் மறுக்கிறான். சாத்தானாக வருகிற அந்த நடிகர் டஃபோ 1988இல் ஒரு படத்தில் இயேசுவாகவே நடித்தவர் என்பதையும் படித்தேன், அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் கனமாக இருக்கிறது.

ஆனால் மறுத்த காரணம்தான் வேறு. அங்கே இயேசு அந்த மகிமையே வேண்டாம் என்றார். இங்கே பையன் வேண்டாம் என்றது சாத்தானின் கையெழுத்தை மட்டும்தான், அவன் காட்டிய எதையும் இல்லை. கம்பளம், கூட்டம், நடிகை எல்லாம் அவனுக்கு இன்னமும் வேண்டும், வாங்குகிற வழி மட்டும் மாறிவிட்டது. அப்படியென்றால் சாத்தான் தோற்றானா? அவன் வந்த வேலை முடிந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் படைக்கப்பட்ட பொருளை வெறுக்கிறவள் இல்லை, நாங்களும் தவணை கட்டித்தான் வண்டி வாங்கினோம். இந்த ஒரு இடம்தான் என் மனதில் நிற்கிறது.


சேலம் சரவணன்:

லம்போர்கினி டியாப்லோ என்றாலே ஸ்பானிய மொழியில் சாத்தான் என்றுதானே அர்த்தம்? அது மட்டும் பரவாயில்லையா?


காப்பி குமரன்:

சரவணன், அர்த்தம் அதுதான், ஆனால் அது ஒரு காளையின் பெயர். லம்போர்கினி தன் கார்களுக்குச் சண்டைக் காளைகளின் பெயர் வைப்பது பழைய வழக்கம். டியாப்லோ 1869இல் மாட்ரிட் நகரத்துக் களத்தில் பெரும் சண்டை போட்டுப் பேர் வாங்கிய காளை, அந்தப் பெயரை 1990இல் வந்த காருக்கு வைத்தார்கள். நம் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கும் மிரள வைக்கிற மாதிரிதானே பெயர் வைக்கிறோம்.

ஜெஸி, நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிலில் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடத்திலேயே கை வைத்துவிட்டீர்கள். வாங்குகிறவனை நல்லவனாக உணர வைத்து ஆசையை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்ல விளம்பரம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.


மீனா, செவிலியர்:

நான் மதுரையில் விபத்துப் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். இந்தத் திரியை ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படித்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டு, பிசாசு, வில்லன் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். என்னைக் கேட்டால் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, கொம்பும் வாலும். அது கதை என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் அடிபடாது.

இரண்டாவது, நிஜ வேதனையை எடுத்து விளம்பரமாக்குவது. 2013 ஏப்ரலில் ஹூண்டாயின் பெயரில் ஐரோப்பாவில் ஒரு விளம்பரம் வந்தது. ஐஎக்ஸ்35 என்ற ஹைட்ரஜன் காரிலிருந்து நச்சுப் புகையே வராது, வெறும் நீராவிதான் என்று சொல்ல, வாழ்க்கை வெறுத்த ஒரு மனிதரின் தற்கொலை முயற்சியைக் காட்டினார்கள். தற்கொலையில் தந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், அவரும் விளம்பரம் எழுதுகிறவர்தான், இதைப் பார்த்து அழுதுவிட்டு ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டது, விளம்பரமும் எடுக்கப்பட்டது. அதில் பிசாசு இல்லை, ரத்தம் இல்லை. ஒரு அமைதியான மனிதர், ஒரு கார். ஆனால் இந்தத் திரியில் பேசிய எல்லாவற்றையும்விட இருட்டானது அதுதான். எங்கள் பிரிவுக்கு அப்படி வந்த நோயாளிகளின் வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவர் யாரும் அந்த விளம்பரத்துக்கு அனுமதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை. ஆபத்தைக் கவர்ச்சியாகக் காட்டுவது. ஜெஸி சொன்ன ஜாகுவார் வில்லன்கள் 2014 சூப்பர் பவுலில் வந்தார்கள். பென் கிங்ஸ்லி, மார்க் ஸ்ட்ராங், டாம் ஹிடில்ஸ்டன் என்ற மூன்று பிரிட்டிஷ் நடிகர்கள். கெட்டவனாக இருப்பது நல்லது என்பதுதான் வாசகம். எஃப்-டைப் காருக்கு. (ஜாகுவார் 2008இலிருந்து நம் டாடாவின் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) அதே வரிசையில் ஹிடில்ஸ்டன் தனியாக வருகிற இன்னொரு படம் வந்தது. வில்லனாக இருப்பது எப்படி என்று பேசிக்கொண்டே காரை நிலத்தடி நிறுத்துமிடத்திலிருந்து சீறிக் கிளப்பிக்கொண்டு போவார். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதைத் தடை செய்தது. ஏன் என்று பாருங்கள். வில்லன் என்று சொன்னதற்காக இல்லை, பொறுப்பில்லாமல் வண்டி ஓட்டுவதை ஊக்குவிக்கிறது என்பதற்காக. சரியான இடத்தில் கோடு போட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டிலும் விளம்பரத் தர மன்றத்தின் விதியில் வாகன விளம்பரம் போக்குவரத்து விதி மீறலைக் காட்டக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதைச் சாகசக் காட்சி, வீட்டில் முயல வேண்டாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள்.

2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,000க்கும் மேல், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. இந்த எண்ணில் சில முகங்கள் எனக்குத் தெரியும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள். விளம்பரம் பார்த்துத்தான் வேகமாகப் போனான் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல முடியாது. வேகம் என்றால் ஆண்மை, பயம் என்றால் கேவலம் என்று எங்கிருந்தோ அவன் மனதில் பதிந்திருக்கிறது, அது மட்டும் தெரியும். நாமக்கல் தம்பி எழுதியிருந்தார் பாருங்கள், பயத்தில் ஒரு மரியாதை இருக்கிறது என்று. அந்த வரியைப் படித்தபோது எங்கள் வார்டில் வந்து படுத்திருந்த ஒரு வயசான லாரி டிரைவர் ஞாபகம் வந்தார், நாற்பது வருஷம் ஓட்டியவர், வந்தது சர்க்கரைப் புண்ணுக்கு, விபத்துக்கு இல்லை.

ஜெஸி, அந்தப் பையன் நோட்டில் இருக்கிற கொம்பை விடுங்கள். வேகத்தைப் பற்றி அவனிடம் பேசுங்கள்.


லாரி வீட்டுப் பிள்ளை, நாமக்கல்:

மீனா அக்கா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, வண்டியின் முகத்தைத் துடைக்கப் போய்விட்டார்.


பாளை ஜெஸி:

மீனா அக்கா, நான் கேட்க வந்ததே வேறு கேள்வி, நீங்கள் அதைத் திருப்பி வைத்துவிட்டீர்கள். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படி யோசித்து வைத்திருக்கிறேன். ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொல்லப் போவதில்லை. முதலில் மெர்சிடிஸ் விளம்பரத்தை வகுப்பில் போட்டுக் காட்டுவேன், விலை தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, இவன் ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்பேன். அவர்களாகச் சொல்லட்டும். அப்புறம் மத்தேயு நான்கை வாசித்து அதே கேள்வியை இயேசுவைப் பற்றிக் கேட்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வித்தியாசம் புரியும். கடைசியாக அந்தப் பையனையே எழுந்து நின்று டீமனைப் பற்றிச் சொல்லச் சொல்வேன், 840, 2.3 நொடி, 3,300 வண்டி எல்லாம். சொல்லி முடித்ததும் எத்தனை சீட்டு என்று கேட்பேன்.

அருண் சொன்ன காபி விளம்பரத்தை மட்டும் நிச்சயமாகப் போட மாட்டேன், முன் வரிசையில் இரண்டு பயந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பிராம்டன் அண்ணா, 1971 குட்டிச் சாத்தான் சின்னத்தின் படம் உங்களிடம் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள், அவனுக்குக் காட்ட வேண்டும்.